ஆஜர்

டானிங்டன் இறக்கத்தில்
ரெஜினால்டின் பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே வர்க்கி வேகிறது.
அந்தச் சூட்டுக்காகவே சிலர் படம் பார்க்க வருவார்கள்.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு
அடுப்புக்கு நேர் மேலே உட்காருவேன்.

அன்றைக்குப் பாரசீகப் படம்.
ஆதியில் வேறு ஏதோ பாஷையில்
மேடைக்கென்று எழுதிய நாடகமாம்,
ராஜாக்கள் சாகிற வகை.
ரெஜினால்டு அவ்வளவுதான் சொன்னார்.
சப்டைட்டில் ஓடியது, எழுத்துதான் இல்லை.
எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
சின்னச் சின்னக் கட்டம், வரிசையாக,
கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பெயரை நிரப்பவும் என்று
நாங்கள் நீட்டுகிற படிவம் மாதிரி.

பாதிப்பேர் எழுந்து போனார்கள்.
எனக்குக் கால் சூடாக இருந்தது.

கோட்டை. வெளியே பனி கொட்டுகிறது.
கிழவர் ஒருவர், கிரீடம் தலைக்குப் பெரிது,
விடியும்வரை கதவைத் திறக்கக்கூடாது என்று
கையை வீசிக் காட்டுகிறார்.
'ஹொக்ம்' என்றார்.
நிமிர்ந்தேன்.
எங்கள் ரெக்கார்டு ரூமில்
கரையான் மிச்சம் வைத்த உக்கும்நாமா.
அதற்குப் பிறகு காது தானாகப் பொறுக்கியது.
'கஸானே' என்றால் கஜானா.
பாஷை தெரியாது,
தாலுகா ஆபீஸ் தெரியும்.
பதினோரு வருஷம் இளநிலை உதவியாளர்.

ராத்திரி யாரோ தட்டுகிறார்கள்.
மூன்று தரம். கொஞ்சம் விட்டு இரண்டு தரம்.
கிழவருக்குக் கேட்கிறது, படுத்தே இருக்கிறார்.
காவலாளி அவர் முகத்தைப் பார்க்கிறான்.
அவர் சுவரைப் பார்க்கிறார்.
பிறகு தட்டல் இல்லை.

விடிந்து திறந்தால்
கதவோரம் பனிக்குள் ஒரு பூட்ஸ்.
மகனுடையது என்று
எந்தக் கட்டமும் சொல்லவேண்டியிருக்கவில்லை.
கிழவர் அதை எடுத்து
உள்ளே கையை விட்டுப் பார்த்தார்,
சூடு இருக்கிறதா என்று.

காவலர்களை நிறுத்தி ஒவ்வொருவனாகக் கூப்பிட்டார்.
'ஹாஸெர்' என்றான் ஒருவன்.
'ஹாஸெர்', அடுத்தவன்.
நம் ஆஜர்தான்.
குதிரையிலோ கப்பலிலோ வந்து
எந்தக் கணவாய் ஏறும்போதோ
முன்னால் இருந்த ஹ மட்டும் உதிர்ந்துவிட்டது.

அப்போது ஹாலன் ஞாபகம் வந்தார்.

கட்டபெட்டுப் பக்கம். மகன் பிரமோத்,
இருபத்தாறு வயது, மூடுபனியில் லாரி.
சம்சாரம் முன்னமே இல்லை.
வாரிசு சான்று கேட்டு மனு.
இறந்தவருக்கு உறவு: தகப்பன்.
மகனுக்கு அப்பா வாரிசு.
அந்தப் பத்தியை எத்தனையோ தரம் சரிபார்த்திருக்கிறேன்,
தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பினேன்.
இறப்புச் சான்றில் ஹாலன்,
ரேஷன் கார்டில் ஆலன்.
"ரெண்டும் நாந்தானுங்க."
"அதுக்கும் ஒரு சர்டிபிகேட் வேணும்."
ஒன்றரைக்குக் கவுண்டரை இழுத்துச் சாத்தினேன்.
தயிர்சாதம் சாப்பிட்டேன்.
கண்ணாடிக்கு வெளியே கொஞ்சநேரம்
அவர் நின்றதாக நினைவு.
தட்டவில்லை.

திரையில் கிழவர் முட்டிபோட்டு
'வாரெஸ், வாரெஸ்' என்கிறார்.
அறையில் மற்ற ஆறு பேருக்கும் அது வெறும் சத்தம்.
கடைசிச் சொல் 'பாக்கி'.
எது மிச்சம், யார் யாருக்குத் தரவேண்டியது?
நாலு கட்டம் வந்து மறைந்தது.
ரெஜினால்டு விளக்கைப் போட்டு
"ஒண்ணும் புரிஞ்சிருக்காது, மன்னிச்சுக்கோங்க" என்று
ஆளுக்கு இரண்டு வர்க்கி கொடுத்தார்.

திங்கள், ஒன்பதே முக்கால்.
ஆபீஸ் புல்லில் நீர்ப்பனி வெளுத்திருந்தது.
கவுண்டர் திறக்கப் பத்து மணி.
படிக்கட்டில் மஃப்ளரோடு அவர்.
தாழ்ப்பாள் விரலில் ஜில்லென்று ஒட்டியது.

சர்டிபிகேட் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான்.
கேட்டேன்.
உள்ளே உட்காரவைத்துக் கேட்டேன், அவ்வளவுதான்.
மனுவை நானே எழுதினேன்:
ஹாலன் (எ) ஆலன்.
ஹ கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது,
கட்டத்துக்கு வெளியே.